மால்டினி ஏன் இவ்வளவு குறைவா டாக்கிள் பண்ணார்? மிலான் பின்வரிசையில 25 சீசன்

டச்லைன் ஓரம்:

இத்தாலியக் கால்பந்து டிஃபெண்டர் பாவ்லோ மால்டினியோட கணக்கு எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ஏசி மிலானுக்கு 902 ஆட்டம், 1985 ஜனவரியில ஆரம்பிச்சு 2009 மே வரை ஒரே கிளப், 7 லீக் பட்டம், 5 ஐரோப்பியக் கோப்பை. புரியாதது வேற. பழைய ஆட்டங்களை 90 நிமிஷமும் முழுசாப் போட்டுப் பார்த்தா, அவர் பந்தைப் பறிக்கிற காட்சி ரொம்பக் கொஞ்சம். சறுக்கி விழுந்து எடுக்கிற டாக்கிள் எல்லாம் தொகுப்பு வீடியோவிலதான் வரிசையா வருது. ஆட்டத்தில பாதி நேரம் சும்மா நிக்கிற மாதிரி இருக்கு.

டாக்கிள் இல்லாம அவர் எப்படித்தான் தடுக்கிறார்? வலது கால்காரர் ஏன் அத்தனை வருஷம் லெஃப்ட் பேக் (பின்வரிசையில இடது ஓரம்)? அப்புறம், வயசாகி வேகம் குறைஞ்சதாலதான் சென்டர் பேக் (பின்வரிசையில நடு) ஆனார்னு சொல்றாங்களே, அது சரியா? எந்த ஆட்டத்தை, எதைக் கவனிச்சுப் பார்க்கணும்னு யாராவது சொன்னா நல்லா இருக்கும்.

ஸோனா:

முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், மற்ற எல்லாம் அதில்தான் அடங்கியிருக்கிறது.

டாக்கிள் என்பது தடுப்பாட்டத்தின் கடைசிப் படி. அதற்கு முன்னால் மூன்று நான்கு படிகள் உண்டு. கேமரா பந்தையே துரத்துவதால் அவை நம் கண்ணில் படுவதில்லை. விங்கரிடம் (ஓரமாக ஏறிவரும் எதிரணி ஆட்டக்காரரிடம்) பந்து போகலாமா கூடாதா என்பதையே லெஃப்ட் பேக் தான் நிற்கும் இடத்தால் முடிவு செய்கிறார். விங்கரை ஒட்டி நின்றால் காலுக்குப் பாஸ் வராது, ஆனால் முதுகுக்குப் பின்னால் பந்து விழும். ரொம்பத் தள்ளி நின்றால் விங்கர் நிதானமாக வாங்கி, திரும்பி, வேகமெடுத்து நேரே வருவார். நடுவில் ஒரு தூரம் இருக்கிறது. பாஸ் கொடுப்பவருக்குக் கொடுக்கலாம் என்று தோன்ற வேண்டும், பந்து போய்ச் சேரும்போது டிஃபெண்டரும் அங்கே சேர்ந்திருக்க வேண்டும். தரையோடு வரும் 15 மீட்டர் பாஸுக்கு ஏறக்குறைய ஒரு வினாடி. நின்ற இடத்திலிருந்து கிளம்பி அந்த ஒரு வினாடியில் 3, 4 மீட்டர் போகலாம். பாஸ் நீளமாக இருந்தால் இன்னும் தள்ளி நிற்கலாம். ஆகவே பந்து ஒவ்வொரு காலாக மாற மாற இந்தத் தூரமும் மாறிக்கொண்டே இருக்கும். நீங்கள் 'சும்மா நிற்கிறார்' என்று பார்த்தது, இரண்டு எட்டு முன்னே, ஒரு எட்டு உள்ளே என்று ஓயாமல் நடக்கும் இந்தத் திருத்தத்தைத்தான்.

பந்து விங்கரிடம் போய்விட்டால் அடுத்த வேலை, நெருங்குவது. இங்கேதான் பெரும்பாலான டிஃபெண்டர்கள் தோற்கிறார்கள். முழு வேகத்தில் ஓடி வந்து அதே வேகத்தில் விங்கர் முன்னால் போய் நின்றால், அவர் பந்தை ஒரு பக்கம் தட்டினாலே போதும், டிஃபெண்டரால் நிறுத்தித் திரும்ப முடியாது. கடைசி 3 மீட்டரில் எட்டுகளைக் குறுக்கி, இடுப்பைத் தாழ்த்தி, பக்கவாட்டில் பாதி திரும்பி நிற்க வேண்டும். லெஃப்ட் பேக்குக்கு வலது கால் முன்னே, இடது கால் பின்னே இருந்தால் உள்ளே வரும் வழி அடைபடும், டச்லைன் (மைதானத்தின் ஓரக்கோடு) பக்கம் மட்டும் திறந்திருக்கும். காலை மாற்றி வைத்தால் வழியும் மாறும். எந்தக் காலை முன்னே வைக்கிறார் என்பதே எதிராளியை எங்கே அனுப்பப்போகிறார் என்பதைச் சொல்லிவிடும். தூரம் ஒன்றரை மீட்டர் போல. கையை நீட்டினால் எட்டாது, ஒரு எட்டு வைத்தால் எட்டும்.

அந்த நிலையில் மால்டினி காத்திருப்பார். விங்கர் பந்தை ஒரு எட்டுக்கு மேல் முன்னே தள்ளும் நொடி, தலை குனியும் நொடி, கோலுக்கு முதுகைக் காட்டும் நொடி, இந்த மூன்றில் ஒன்று வரும்வரை கால் போகாது. பந்து எதிராளியின் காலை விட்டு விலகிய பிறகு நீட்டினால் பந்து கிடைக்கும். காலோடு ஒட்டியிருக்கும்போது நீட்டினால் ஃபவுல், இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவார். காத்திருக்கும் அந்த இரண்டு வினாடியில் பக்கத்து மிட்ஃபீல்டர் திரும்பி வந்துவிட்டால் விங்கர் பந்தைப் பின்னுக்குத் தட்டிவிடுவார். எந்தப் புள்ளிவிவரத்திலும் இது ஏறாது. ஆனால் தடுப்பு முடிந்துவிட்டது.

இதற்குப் பின்னால் அணியின் முறையும் இருக்கிறது. 1987-இல் அரிகோ சாக்கி மிலானுக்குப் பயிற்சியாளராக வந்தார். இத்தாலியில் அதுவரை ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு, பின்னால் ஒரு லிபெரோவை (யாரையும் ஒட்டாமல் கடைசியில் நிற்கும் டிஃபெண்டரை) நிறுத்துவதுதான் பழக்கம். அதை விட்டுவிட்டு டிஃபெண்டர்கள் நால்வரையும் ஒரே கோட்டில் நிறுத்தினார். ஒவ்வொருவரும் பார்க்க வேண்டியது நான்கு: பந்து, வெற்றிடம், எதிராளி, தன் அணி ஆட்கள். முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையே 25 மீட்டர்தான் இருக்கலாம். முதல் சீசனிலேயே பட்டம். 30 ஆட்டத்தில் விட்ட கோல் 14. கீப்பரும் நான்கு டிஃபெண்டர்களும் ஒரு பக்கம், பத்துப் பேர் எதிர்ப்பக்கம் என்று அவர் வைத்த பயிற்சி பிரபலம். சாக்கி சொன்ன கணக்கில், குல்லிட், வான் பாஸ்டன் எல்லாம் இருந்த அந்தப் பத்துப் பேரால் 15 நிமிடத்தில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. பத்துப் பேர் எதிரே வரும்போது ஆளைப் பிடித்துத் தடுக்க வழியே கிடையாது. இடத்தைப் பிடிப்பது ஒன்றுதான் வழி. 19 வயதில் அந்தப் பள்ளியில் உட்கார்ந்தவர் மால்டினி.

நாலாம் நம்பர்:

வலது கால் கேள்விக்கு வரேன். முதல்ல காரணம் ரொம்ப எளிமையானது. அவர் பெரிய அணிக்கு வந்தப்போ ரைட் பேக் இடத்தில மௌரோ டசோட்டி இருந்தார். காலியா இருந்த பக்கம் இடது. போட்டாங்க. ஆனா போட்டதுக்கு அப்புறம் 10 வருஷத்துக்கு மேல அங்கேயே நிலைச்சதுக்குக் காரணம் வேற.

ஒரு காகிதத்தில வரைஞ்சு பாருங்க. லெஃப்ட் பேக் எதிரணி கோலைப் பார்த்து நிக்கிறார், டச்லைன் இடது கைப் பக்கம். விங்கர் உள்ளே வெட்டினா அது டிஃபெண்டரோட வலது பக்கம், அதாவது நல்ல கால் இருக்கிற பக்கம். இப்போ விங்கர் வெளியே தாண்டி ஓடிட்டார், டிஃபெண்டர் தன் கோல் பக்கம் திரும்பித் துரத்துறார்னு வைங்க. திரும்பினதும் டச்லைன் இப்போ அவருக்கு வலது கைப் பக்கம் வந்துடுது! விங்கரும் பந்தும் வலது பக்கம். நீட்டித் தட்டி வெளியே அனுப்ப மறுபடியும் வலது கால்தான் கிட்ட இருக்கு. தடுக்கிற ரெண்டு சூழலிலயும் நல்ல கால் பந்துக்குப் பக்கத்தில. இடது கால்காரர் அங்க இருந்தா ரெண்டு தடவையும் பலவீனமான கால் நீட்டணும்.

நஷ்டம் எங்கன்னா, பந்தோட முன்னே போறப்போ. கோட்டை ஒட்டி பாஸ் கொடுக்கவும் க்ராஸ் (ஓரத்திலேருந்து கோல் முன்னாடி அனுப்பற பந்து) போடவும் இடது கால் வேணும். வலது கால் மட்டும் இருக்கிறவர் ஒவ்வொரு தடவையும் பந்தை உள்ளே இழுத்து நிறுத்துவார், அந்த ஒரு வினாடியில எதிரணி அடைச்சிடும். மால்டினி இடது காலை அந்தக் குறை தெரியாத அளவுக்குப் பழக்கிட்டார். எந்தக் கால்காரர்னு பார்க்கிறவங்க குழம்பற அளவுக்கு. இடது பக்கம் விளையாடற வலது கால்காரங்க எத்தனையோ பேர் இருக்காங்க. ரெண்டு காலிலயும் கோட்டோரமா 30 மீட்டர் பாஸ் போடறவங்க ரொம்பக் குறைவு.

இதோட 1992-இல வந்த விதி மாற்றத்தையும் சேர்த்துப் பாருங்க. அதுக்கு முன்னாடி டிஃபெண்டர் நெருக்கடியில கீப்பருக்குத் தட்டிவிட்டா அவர் கையில எடுத்துக்குவார், பிரச்சினை முடிஞ்சுது. 1992-க்கு அப்புறம் காலால கொடுத்த பாஸைக் கீப்பர் கையில எடுக்கக் கூடாது. அந்தத் தலைமுறை டிஃபெண்டர்கள் பல பேர் இதில தடுமாறினாங்க, கோலைப் பார்த்து ஓடறப்போ பந்தை ஏதாவது ஒரு காலால வெளியே அடிக்கத்தான் தெரிஞ்சுது. ரெண்டு காலும் வேலை செய்யறவருக்கு அந்த மாற்றம் உறைக்கவே இல்லை.

பழைய ஆட்டம்:

மூன்றாவது கேள்வியில் அடிப்படையே தவறு. வயதானதால் நடுவுக்கு மாறினார் என்பது பாதிக்கூட உண்மையில்லை.

1994 மே 18, ஏதென்ஸ், பார்சிலோனாவுக்கு எதிரான ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். ஃபிராங்கோ பரேஸிக்கும் கோஸ்டாகுர்டாவுக்கும் தடை. நடுவில் வழக்கமாக நிற்கும் இருவருமே இல்லை. பயிற்சியாளர் கபெல்லோ மால்டினியை நடுவுக்கு இழுத்து ஃபிலிப்போ கல்லியுடன் நிறுத்தினார். டசோட்டி வலது, பானுச்சி இடது. எதிரே ரொமாரியோவும் ஸ்டாய்ச்கோவும். முடிவு 4-0. அன்று மால்டினிக்கு வயது 25. இரண்டு மாதம் கழித்து உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் பிரேசிலுக்கு எதிராகவும் பரேஸிக்குப் பக்கத்தில் நடுவில்தான் நின்றார். 120 நிமிடம் கோல் விழவில்லை. பெனால்டியில் போயிற்று, அது வேறு கதை.

ஆக, நடு இடம் அவருக்கு முதுமையில் கிடைத்த ஓய்வு நாற்காலி இல்லை. மிலானின் தேவைதான் அவரை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்தது. 1998-99-இல் பயிற்சியாளர் ஸாக்கெரோனி மூவர் பின்வரிசை வைத்தபோது அதில் இடது ஓரம், பட்டமும் வந்தது. 2003 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் நெஸ்டாவுடன் நடுவில், இடது பக்கம் கலாட்ஸே. 2005 இறுதியாட்டத்தில் ஸ்டாமும் நெஸ்டாவும் நடுவில் நின்றதால் 36 வயதில் மறுபடியும் லெஃப்ட் பேக். 2007-இல் திரும்ப நடுவில், இடது பக்கம் யான்குலோவ்ஸ்கி. வேகம் போனதால் நடுவுக்குப் போனவரை 36 வயதில் யாரும் விங்கருக்கு எதிரே நிறுத்த மாட்டார்கள்.

இரண்டு இடத்துக்கும் வேலை எப்படி மாறுகிறது என்பது முக்கியம். ஓரத்தில் டச்லைன் கூடவே இன்னொரு டிஃபெண்டர் மாதிரி நிற்கிறது. எதிராளிக்கு ஒரு பக்கம் எப்போதும் அடைப்பு, ஆகையால் அவரை வெளியே தள்ளினாலே பாதி வேலை முடிந்தது. நடுவில் அந்த உதவி இல்லை. ஸ்ட்ரைக்கர் இரண்டு பக்கமும் திரும்பலாம், முதுகுக்குப் பின்னாலும் ஓடலாம். ஓரத்தில் தவறினால் க்ராஸ், நடுவில் தவறினால் கோல். அதனால் நடுவில் நிற்பவர் ஒரு எட்டு பின்னால், தோள்பக்கமாக, ஸ்ட்ரைக்கரையும் பந்தையும் ஒரே பார்வையில் பிடிக்கிற கோணத்தில் நிற்க வேண்டும். ஸ்ட்ரைக்கரின் முதுகோடு ஒட்டி நின்றால் டிஃபெண்டரையே தூணாக வைத்துச் சுழன்று போய்விடுவார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கோப்பைகளை மட்டும் எண்ணுகிறவர்கள் நடுவில் இருந்த பள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். 1996-97-இல் மிலான் 11-ஆம் இடம், அடுத்த சீசன் 10-ஆம் இடம். 1997 ஏப்ரலில் சொந்த மைதானத்தில் யுவென்டஸிடம் 6-1. அந்தக் கோடையில் பரேஸி ஓய்வு பெற, கேப்டன் பட்டை மால்டினிக்கு வந்தது. அவர் கேப்டனாக வாங்கியது ஒரு நொறுங்கிய பின்வரிசை. 25 சீசன் என்று சொல்லும்போது இந்த இரண்டும் அதில் அடக்கம். என்னைக் கேட்டால், அவர் கிளப்பை விட்டுப் போகாததன் எடை இந்த இரண்டு வருடத்தில்தான் இருக்கிறது.

டச்லைன் ஓரம்:

அந்தக் காகிதத்தில வரைஞ்சு பார்த்தேன், திரும்பினதும் பக்கம் மாறுதுங்கிறது இப்போதான் மண்டையில ஏறுது. நன்றி.

அப்போ அவர் தோத்த இடங்களையும் சொல்லுங்க. 2005 இஸ்தான்புல்ல, லிவர்பூலோட ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில 3-0-ல இருந்து 6 நிமிஷத்தில 3-3 ஆச்சு. 2002 உலகக் கோப்பையில கொரியாவோட கோல்டன் கோல் (கூடுதல் நேரத்தில விழுந்தா ஆட்டம் அத்தோட முடியற கோல்) அவர் தலைக்கு மேலதான் போச்சு. இடம் பிடிக்கிறதுல அவ்வளவு கெட்டிக்காரர்னா இதெல்லாம் எப்படி நடந்தது?

ஸோனா:

நல்ல கேள்வி. இரண்டும் ஒரே வகைத் தவறில்லை.

இஸ்தான்புல்லில் முதல் நிமிடத்திலேயே பிர்லோவின் ஃப்ரீ கிக்கை வலது காலால் அடித்துக் கோல் போட்டவர் மால்டினி என்பதும் நினைவிருக்கட்டும். இடைவேளையில் லிவர்பூல் ரைட் பேக் ஃபின்னனை எடுத்துவிட்டு மிட்ஃபீல்டர் ஹாமானை இறக்கியது, பின்னால் மூவர் ஆனார்கள். ஹாமான் பிர்லோ, ககா பக்கத்தைப் பார்த்துக்கொள்ள, ஜெரார்டுக்கு மேலே போக விடுதலை கிடைத்தது. 54-ஆவது நிமிடம், ரீஸே இடது பக்கத்திலிருந்து போட்ட க்ராஸ், ஜெரார்ட் தலையால். அந்த க்ராஸ் வந்தது மிலானின் வலது பக்கம் வழியாக, மால்டினி தூர போஸ்ட் பக்கம். ஜெரார்ட் ஓடி வந்த மிட்ஃபீல்டர். இடத்தைக் காக்கும் முறையில் பழைய ஓட்டை இதுதான்: முன்னாலிருந்து தாமதமாக வரும் ஆளை நால்வரில் யார் எடுப்பது? விடை, யாரும் இல்லை, அவரோடு மிலான் மிட்ஃபீல்டர் ஒருவர் திரும்பி ஓடி வர வேண்டும். வரவில்லை. 56-இல் ஸ்மீட்ஸர் தூரத்திலிருந்து அடித்தது, யாரும் முன்னே போய் மறைக்கவில்லை. 60-இல் ஜெரார்டை கட்டூஸோ பெனால்டி பெட்டிக்குள் வீழ்த்த, அலோன்சோ அடித்த பெனால்டியை கீப்பர் டிடா தடுத்தும், திரும்பி வந்த பந்து உள்ளே போயிற்று. மூன்றுமே பின்வரிசைக்கும் மிட்ஃபீல்டுக்கும் நடுவே திறந்த இடத்தில் பிறந்தவை. சாக்கி காலத்து 25 மீட்டர் அன்று இல்லை. கேப்டன் என்ற முறையில் முதல் கோலுக்குப் பிறகு ஆட்டத்தை நிறுத்தி, ஒரு கோல் கிக்கையாவது தாமதப்படுத்தி, எல்லாரையும் இழுத்து நெருக்கியிருக்க வேண்டும். அந்தக் குறையை அவர்மேல் வைக்கலாம்.

2002 வேறு. ஜூன் 18, டேஜான். நெஸ்டாவுக்குக் காயம், கன்னவாரோவுக்குத் தடை, அதனால் மால்டினி நடுவில். 117-ஆவது நிமிடம், இடது பக்கத்திலிருந்து க்ராஸ், ஆன் ஜங்-ஹ்வான் மால்டினிக்கு முன்பே எழும்பித் தலையால் அடித்துவிட்டார். இத்தாலிக்காக அவருடைய 126-ஆவது ஆட்டம், அதுவே கடைசி.

தலைப்பந்தில் யார் உயரம் என்பதைவிட யார் முதலில் எழும்புகிறார் என்பதுதான் தீர்மானிக்கும். க்ராஸ் காற்றில் இருக்கும்போது டிஃபெண்டர் பந்தை அண்ணாந்து பார்க்கிறார், ஸ்ட்ரைக்கர் எங்கே என்பது அப்போது கண்ணால் தெரியாது, முன்கையால் தெரிய வேண்டும். தள்ளக் கூடாது, ஆனால் முன்கை அவர் உடம்பில் பட்டபடி இருந்தால் அவர் நகர்வது உடனே புலப்படும். அந்தத் தொடுகை விட்டுப்போனால் ஸ்ட்ரைக்கர் அரை எட்டு முன்னால் வந்துவிடுவார், தெரிந்து எழும்பும்போது நேரம் கடந்திருக்கும். 117-ஆவது நிமிடத்தில் கால்களில் வேறு சத்து இருக்காது. முன்னதாகக் குதித்தவரை பின்னால் குதித்து எட்டிப் பிடிப்பது நடக்காத காரியம்.

நாலாம் நம்பர்:

இஸ்தான்புல் பத்தி ஒரு சேர்க்கை. இடது பக்கம் நிக்கிறவருக்கு எதிர்ப்பக்கம் பந்து இருக்கிறப்போ என்ன வேலைன்னு தெரிஞ்சா அந்த க்ராஸ்ல அவர் எங்க இருந்தார்ங்கிறது புரியும்.

மைதானம் 68 மீட்டர் அகலம். நாலு பேரைச் சமமாப் பரப்பினா ஆளுக்கு 17 மீட்டர், நடுவில லாரி போகும். அதனால எல்லாரும் பந்து இருக்கிற பக்கம் சாய்வாங்க. பந்து வலது ஓரத்தில இருந்தா லெஃப்ட் பேக் கோல் முன்னாடி இருக்கிற சின்னப் பெட்டியோட தூர விளிம்புக்கு நேரா வந்து நிப்பார், முதுகுக்கு வெளியே 25 மீட்டர் காலி. பார்க்கிறவங்களுக்கு 'அய்யோ அந்த விங்கரை விட்டுட்டாரே'ன்னு பதறும். விட்டது தெரிஞ்சே விட்டது. அங்கேருந்து இங்க 45, 50 மீட்டர் உயரப் பந்து வர 3 வினாடி ஆகும், விங்கர் அதை மார்பில இறக்கிக் காலுக்குக் கொண்டு வர இன்னொரு வினாடி. அதுக்குள்ள லெஃப்ட் பேக் திரும்ப வந்து ஒன்றரை மீட்டர்ல நிப்பார். கெடுறது எப்போன்னா, பந்தையே பார்த்துக்கிட்டு இருந்து விங்கர் எப்போ உள்ளே ஓட ஆரம்பிச்சார்னு கவனிக்காம விடறப்போ. முதுகுக்குப் பின்னாடி ஓட்டம், தூர போஸ்ட், கோல். இதுக்கு மருந்து தலை திருப்பல்தான். பந்து ஒருத்தர் காலை விட்டுக் கிளம்பி அடுத்த காலைத் தொடறதுக்குள்ள தோளுக்கு மேல ஒரு பார்வை. பந்து காலில இருக்கிறப்போ திரும்பக் கூடாது, அந்த நொடியிலதான் பாஸ் போகும்.

முழங்கால்:

யாரும் உடம்பைப் பற்றிப் பேசவில்லையே. டாக்கிள் குறைவு என்பது அழகு மட்டும் இல்லை, 40 வயது வரை ஆட அதுவும் ஒரு காரணம்.

சறுக்கி எடுக்கும் ஒவ்வொரு முறையும் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் அடிபடும் வாய்ப்பு உண்டு, ஃபவுலாகி அட்டை வாங்கும் வாய்ப்பும் உண்டு. 1998 உலகக் கோப்பையிலிருந்து பின்னாலிருந்து ஆபத்தாக விழுந்து தட்டினால் சிவப்பு அட்டை என்று நடுவர்கள் கறாரானார்கள். விழுந்து பிழைத்த டிஃபெண்டர்கள் பலர் அங்கே சிக்கினார்கள். நின்று பிழைத்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் மாறவில்லை.

வேகம் குறையும்போது முதலில் போவது உச்ச வேகம் இல்லை. நின்று, திரும்பி, மறுபடி கிளம்பும் அந்த முதல் 5 மீட்டர்தான் போகும். முழங்கால் மடக்கிப் பாரம் தாங்க மறுத்தால் திரும்புவதற்கே அரை வினாடி கூடுதல். அதை ஈடுகட்ட ஒரே வழி, முன்கூட்டியே பாதி திரும்பி நிற்பது, ஒரு எட்டு பின்னால் நிற்பது. ஆனால் ஒருவர் மட்டும் ஒரு எட்டு பின்னால் நின்றால் ஆஃப்சைடு கோடு (அதைத் தாண்டி நிற்கும் எதிராளிக்குப் பாஸ் போனால் தவறு) உடையும், மற்ற மூவரும் ஏறி நிற்க ஸ்ட்ரைக்கர் அவர் பக்கத்தில் விதிக்கு உட்பட்டு நிற்பார். ஆகவே முழு வரிசையும் சேர்ந்து இறங்க வேண்டும். பின்னாளில் பயிற்சியாளராக இருந்த அன்செலோட்டியின் மிலான் சாக்கியின் மிலானைவிடத் தாழ்வாக நின்றதற்கு இது ஒரு காரணம். 1990-இல் கடைசிக்கு முந்தைய எதிராளிக்கு நேராக நின்றால் ஆஃப்சைடு இல்லை என்று விதி மாறியதும் இன்னொரு காரணம், அதன் பிறகு உயரக் கோடு வைப்பதில் இருந்த லாபம் கொஞ்சம் குறைந்தது.

மிலான் 2002-இல் மிலான்லாப் என்ற பரிசோதனைக் கூடத்தைத் தொடங்கி, காயம் வருமுன் கண்டுபிடிக்க வீரர்களின் உடலைத் தொடர்ந்து அளந்தது. கோஸ்டாகுர்டா 41 வயது வரை, மால்டினி 40 தாண்டியும் ஆடிய அணி அது. கடைசி வருடங்களில் மால்டினிக்கு முழங்கால் தொந்தரவு இருந்துகொண்டேதான் இருந்தது, எல்லா ஆட்டமும் ஆடவில்லை. எதை விடுவது என்று தேர்ந்தெடுத்ததும் திறமைதான். 2007 மே 23, ஏதென்ஸ், 38 வயதில் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்.

பழைய ஆட்டம்:

எதைப் பார்ப்பது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது.

1989 ஏப்ரலில் ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், 5-0. கோல்களை விட்டுவிடுங்கள். பரேஸி எப்போது கையைத் தூக்கி ஏறுகிறார், மற்ற மூவரும் எத்தனை நொடியில் சேர்கிறார்கள் என்று பாருங்கள். பந்து வைத்திருப்பவர் குனிந்திருந்தாலோ, நெருக்கப்பட்டாலோ, பின்னுக்குத் திரும்பினாலோ வரிசை ஏறும். அவர் நிமிர்ந்து, யாரும் பக்கத்தில் இல்லாமல் இருந்தால் வரிசை இறங்கும். இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே ஆட்டத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும். லெஃப்ட் பேக் பார்வை பெரும்பாலும் தன் வலது பக்கம், வரிசையை ஒட்டியே இருக்கும். ஒரு மீட்டர் பிந்தினால் எல்லோருடைய உழைப்பும் வீண் என்பதால்.

அடுத்தது 1994 ஏதென்ஸ். ரொமாரியோ கீழே இறங்கிப் பந்து வாங்க வரும்போது மால்டினி எத்தனை மீட்டர் கூடப் போகிறார், எங்கே நின்று விட்டுவிடுகிறார் என்பதை மட்டும் பாருங்கள். கூடப் போனால் பின்னால் ஓட்டை, போகாவிட்டால் ரொமாரியோ திரும்பிவிடுவார். முன்னால் நிற்கும் மிட்ஃபீல்டர் தெசாயி எடுத்துக்கொள்ளும் வரை போய், அங்கேயே விட்டுத் திரும்பி வரிசையில் சேர்வதுதான் சரி. அந்த சீசன் மிலான் லீக்கில் 34 ஆட்டத்தில் போட்டது 36 கோல்தான், விட்டது 15. சலிப்பான அணி என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த 15-ஐப் பார்க்கப் பார்க்க அலுக்கவில்லை.

மூன்றாவது 2003 மே 28, மான்செஸ்டர், யுவென்டஸுக்கு எதிராக 0-0, பெனால்டியில் 3-2. 1963-இல் தந்தை செசாரே மால்டினி வெம்பிளியில் கேப்டனாகத் தூக்கிய அதே கோப்பையை 40 வருடம் கழித்து மகன் அதே நாட்டில் தூக்கினார் என்று எல்லாரும் எழுதிவிட்டார்கள். தடுப்பாட்டம் கற்க விரும்புபவருக்கு அதைவிட மதிப்பானது அந்த 120 நிமிடம். நெஸ்டா முன்னே போய்ப் பந்தை எடுக்கும் ஒவ்வொரு முறையும் மால்டினி பின்னால் குறுக்காக நகர்ந்து நெஸ்டா விட்ட இடத்தை மூடுவார். ஒருவர் தாக்க, ஒருவர் மூட.

டச்லைன் ஓரம்:

2003-ல இருந்து ஆரம்பிக்கிறேன். ஒரே ஒரு சின்ன சந்தேகம். கேமரா பந்தையே காட்டுதே, பந்து இல்லாத பக்கத்தை எப்படிப் பார்க்கிறது?

நாலாம் நம்பர்:

கோல் கிக், த்ரோ, கீப்பர் பந்தை உதைக்கிற நேரம், இந்த மூணிலயும் கேமரா அகலமாகும். அப்போ பந்து போற பக்கம் கண்ணை விடாம, முன்னாடியே மால்டினியைத் தேடிப் பிடிச்சு வைங்க. ஒரு பாதியை முழுக்க அவரை மட்டும் பாருங்க, அவர் திரையை விட்டு வெளியே போனா எங்க போயிருப்பார்னு ஊகிங்க. அகலக் காட்சி திரும்ப வர்றப்போ ஊகம் எத்தனை மீட்டர் தப்புன்னு தெரியும். முதல்ல 10 மீட்டர் தப்பும். நீங்க வைக்கிற இடம் எப்பவும் பந்துக்கு ரொம்பக் கிட்ட இருக்கும், அவர் அதைவிட உள்ளே, கோலுக்கு நேரா இருப்பார்.